ஜாக்கி என்றொரு சொல்



சங்ககிரியில் வளரும் பெண்ணுக்கு ஜாக்கி என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளிலும் பஞ்சர் கடைகளிலும் எண்ணெய்க் கறை படிந்து அது கிடக்கிறது. உங்களில் பலருடைய தந்தையர் லாரி ஓட்டுகிறவர்கள். சிலருடைய வீட்டில் லாரியே உண்டு. லாரி இல்லாத வீட்டிலும் மாமாவோ சித்தப்பாவோ பாடி கட்டும் பட்டறையிலோ பட்டா பட்டறையிலோ வேலை பார்ப்பார். ஆகவே, பாரம் ஏற்றிய வண்டியின் சக்கரம் தரையை விட்டு மெல்ல எழும்புவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கும் கருவிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று எப்போதாவது கேட்டதுண்டா?

ஆங்கில அகராதியில் ஜாக் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கையடக்க அகராதி போதாது. பெரிய அகராதி வேண்டும். அச்சொல்லுக்கு நேரே பத்தி நிறையப் பொருள்கள் இருக்கும். பாரம் தூக்கும் கருவி, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு, கப்பலின் முன்முனையில் பறக்கும் சிறு கொடி, மாலுமி, பந்து உருட்டும் ஆட்டத்தில் குறியாக வைக்கும் சின்னஞ்சிறு பந்து, ஆண் கழுதை, தொலைபேசிக் கம்பியின் முனையைச் செருகும் துளை. கழுதைக்கும் கொடிக்கும் என்ன உறவு என்று தலை சுற்றும். இப்படிப்பட்ட சொல்லைக் கண்டால் உடனே மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். கிளைகள் பலவானால் அடிமரம் ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் கிளைகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

இங்கே அடிமரம் ஒரு மனிதனுடைய பெயர். அதிலும் நம் கோவில்களில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர்.

ஜான் என்ற பெயரின் செல்ல வடிவமே ஜாக். நம் வீட்டில் ராஜேஸ்வரி ராஜி ஆவது போல, இடைக்கால இங்கிலாந்தில் 'கின்' என்னும் விகுதியைச் சேர்த்துக் குழந்தைகளைக் கொஞ்சினார்கள். ஜான் ஜாங்கின் ஆனான்; ஜாங்கின் வாயில் தேய்ந்து ஜாக்கின் ஆகி, கடைசியில் ஜாக் என்று நின்றது. பிரெஞ்சு மொழியில் ழாக் என்றொரு பெயர் உண்டு. அதன் ஒலியும் இதனோடு கலந்திருக்க வேண்டும் என்று கூறும் மொழியறிஞரும் உளர். ஜான் என்பவர் யோவான். நம் முன்னோர் வழக்கில் அருளப்பர். ழாக் என்பவர் யாக்கோபு. நம் முன்னோர் வழக்கில் யாகப்பர்.

அருளப்பர் என்ற பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். யோவான் என்பதன் மூலமான யோகனான் என்ற எபிரேயப் பெயருக்கு 'ஆண்டவர் அருள் கூர்ந்தார்' என்பது பொருள். தமிழகத்துக்கு வந்த பழைய மறைபோதகர்கள் அப்பெயரை ஒலிபெயர்த்துக் கொடுத்ததோடு நில்லாமல் பொருளையே பெயர்த்து, அருள் என்ற சொல்லை வைத்து அருளப்பர் என்றார்கள். சின்னப்பர் என்பதும் அவ்வாறே. பவுலுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். 1995இல் பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு திருவிவிலியத்தில் யோவான் என்றும் பவுல் என்றும் படிக்கிறோம். இருந்தாலும் பாட்டிமார் வாயில் அருளப்பரும் சின்னப்பரும் இன்னும் வாழ்கிறார்கள். லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்து, 1693இல் ஓரியூரில் வேதசாட்சியாக இரத்தம் சிந்திய ஜான் தெ பிரிட்டோவை அருளானந்தர் என்று அழைக்கிறோமே, அந்த அருளும் ஜான் என்பதன் தமிழ்தான்.

ஆகவே ஜாக்கி என்ற சொல்லை அதன் பொருளறிந்து தமிழாக்கினால் 'அருளப்பன்' என்றே வரும். "தம்பி, அந்த அருளப்பனை எடுத்து ஆக்சிலுக்கு அடியில் வை" என்று ஒரு மேஸ்திரி சொன்னால் எப்படி இருக்கும்! சிரிப்பு வருகிறதல்லவா? ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது.

சரி, ஒரு திருத்தூதரின் பெயர் இரும்புக் கருவிக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி?

ஜான் என்பது அக்காலத்து இங்கிலாந்தில் மிக மிகப் பரவலான பெயர். தெருவில் 'ஜாக்' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நாளடைவில் அது ஒருவனுடைய பெயராக இல்லாமல், யாரோ ஒரு சாதாரண ஆளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பெரிய வீடுகளில் வேலைக்கு நிற்கும் பையன் ஜாக். கப்பலில் கயிறு இழுக்கிறவன் ஜாக். காட்டில் மரம் வெட்டுகிறவன் லம்பர்ஜாக். கோவில் கோபுர உச்சியில் ஏறிப் பழுது பார்க்கிறவன் ஸ்டீபிள்ஜாக். எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவனுக்கு எல்லாத் தொழில்களின் ஜாக் என்று பெயர். உண்மையில் அவனுக்கு வில்லியம் என்றோ தாமஸ் என்றோ பெயர் இருக்கலாம். அதை யார் கேட்டார்கள்?

தமிழில் இதற்கு நேரான சொல் ஒன்று உண்டு. எடுபிடி. எடு என்றால் எடுக்க வேண்டும். பிடி என்றால் பிடிக்க வேண்டும். ஆங்கிலேயர் வேலைக்காரனுக்கு ஒரு பொதுப் பெயரையாவது வைத்தார்கள். நாமோ அவனுக்கு இட்ட கட்டளைகளையே அவனுக்குப் பெயராக்கிவிட்டோம். இரண்டில் எது கொடியது என்று உங்கள் வகுப்பில் பட்டிமன்றம் வைத்துப் பாருங்கள். எனக்கு நம்முடையதுதான் கொடியதாகத் தோன்றுகிறது.

இனிக் கருவிக்கு வருவோம். பழைய ஆங்கிலேயப் பெருவீடுகளின் சமையற்கட்டில் ஒரு கொடிய வேலை இருந்தது. முழு ஆட்டையோ பன்றியையோ நீண்ட இரும்புக் கம்பியில் கோத்து, பெரிய கணப்பின் முன்னால் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கம் கருகிவிடும். அதற்கென்று பையன்கள் இருந்தார்கள். அனலின் முன்னே வெந்துகொண்டே கம்பியைச் சுற்றுவார்கள். பிறகு சில வீடுகளில் அதற்கு நாயைப் பழக்கினார்கள். சுவரில் பொருத்திய கூண்டுச் சக்கரத்துக்குள் நாய் ஓடும், கம்பி சுழலும். அதன் பிறகு, கடிகாரத்தைப் போலத் தொங்கும் எடையின் இழுப்பால் கம்பி தானே சுழலும் பொறி வந்தது. அந்தப் பொறிக்குப் பெயர் வைக்க யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே அதை ஜாக் என்றார்கள். பையன் செய்த வேலையைச் செய்கிறது. பையனின் பெயரை எடுத்துக்கொண்டது.

முழங்கால் வரை ஏறும் சவாரிக் காலணியைக் கழற்ற எசமானுக்கு ஓர் ஆள் வேண்டும். அவன் குனிந்து குதிகாலைப் பிடித்து இழுப்பான். நுனியில் பிளவுள்ள ஒரு பலகை அந்த வேலையைச் செய்தபோது அது பூட் ஜாக். வண்டியையோ உத்தரத்தையோ கீழே இருந்து நெம்பித் தூக்க நான்கு ஆட்களின் தோள்கள் வேண்டும். பற்சக்கரமும் திருகும் கொண்ட பொறி அதைச் செய்தபோது அதுவும் ஜாக். பாரம் தூக்கும் கருவி என்ற இந்தப் பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. ஆள் போய்க் கருவி வந்தபோது பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டார் முன்பே ஆளைக் கருவியாகத்தான் நினைத்திருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது நம் ஊர் லாரிகளில் செல்லும் கிளீனர் என் நினைவுக்கு வருகிறார். அதுவும் ஆங்கிலச் சொல்தான். துடைப்பவர் என்று பொருள். ஆனால் துடைப்பது அவர் வேலையில் கால்வாசிகூட இல்லை. தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுப்பது, வழியில் அடுப்பு மூட்டிச் சோறாக்குவது, ஓட்டுநர் கண் அயராமல் பேச்சுக் கொடுப்பது, நடுக்காட்டில் டயர் வெடித்தால் ஜாக்கியோடு வண்டிக்கு அடியில் படுப்பது, இத்தனையும் அவர் பொறுப்பு. சங்ககிரியிலிருந்து கிளம்பிக் கௌகாத்தி போய்த் திரும்பும் வரை வழியில் உள்ள சோதனைச் சாவடியிலும் சாப்பாட்டுக் கடையிலும் சரக்கு இறக்கும் கிடங்கிலும் அவர் 'கிளீனர்'தான். இப்போது கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் ஒருவரே செல்லும் வண்டிகள் பெருகிவிட்டன. அந்த வேலைகள் எல்லாம் அவர் தலையில் விழுந்திருக்கின்றன. இதைப் படிக்கும் மாணவியருள் கிளீனராக இருந்து ஓட்டுநரான தந்தையின் மகளும் இருப்பாள். தந்தையை அந்த நாட்களில் எத்தனை பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவள் கேட்டுப் பார்க்கலாம்.

நிற்க. மற்றக் கிளைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவோம்.

சீட்டாட்டம் நம் பள்ளிக்கு உரிய பாடமன்று, சகோதரிகள் மன்னிப்பார்களாக. ராஜா, ராணிக்கு அடுத்த சீட்டை ஆங்கிலத்தில் முதலில் நேவ் என்றார்கள். பணியாள் என்று பொருள். எளிய மக்கள் அவனை ஜாக் என்றார்கள். அப்படிச் சொல்வது தாழ்ந்தோர் பேச்சு என்ற எண்ணமும் இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1860–61இல் எழுதிய 'பெரும் எதிர்பார்ப்புகள்' கதையில், அந்தச் சீட்டை ஜாக் என்று சொன்னதற்காகவே ஏழைச் சிறுவன் பிப்பை எஸ்டெல்லா என்ற பெண் ஏளனம் செய்கிறாள். சீட்டின் மூலையில் எழுத்து அச்சடிக்கும் வழக்கம் வந்தபோது கிங், நேவ் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கிக் குழப்பம் தந்தன. ஆகவே ஏழைகளின் சொல்லே வென்றது.

ஜாக் என்றால் சின்னவன் என்பதால், சிறிய பொருள்களுக்கும் அச்சொல் ஒட்டிக்கொண்டது. கப்பலின் பின்புறத்தில் பறப்பது பெரிய கொடி. முன்முனையில் பறப்பது சிறிய கொடி, அதாவது ஜாக். 1947 வரை நம் நாட்டில் பறந்த யூனியன் ஜாக்கின் பெயரில் உள்ள ஜாக்கை இந்தச் சிறு கொடியோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். பேரரசின் கொடிக்குள்ளும் ஒரு சின்னப் பையன் இருந்திருக்கிறான்! குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்பவரையும் தமிழில் ஜாக்கி என்றுதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. ஆனால் அதுவும் ஜாக் என்பதன் ஸ்காட்லாந்து வடிவமான ஜோக் என்பதிலிருந்து வந்ததே. ஆக, லாரிக்கு அடியில் கிடப்பவனும் குதிரைமேல் அமர்ந்திருப்பவனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பெண் பெயருக்கு இந்தக் கதையில் இடமில்லையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்டு. ஆண் கழுதை ஜாக் என்றால் பெண் கழுதை ஜென்னி. இது பெருமைப்பட ஏற்றதன்று. ஆனால் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் என்ற ஆங்கிலேய நெசவாளர் 1764 அளவில் செய்து 1770இல் உரிமை பெற்ற நூற்கும் பொறிக்கும் ஜென்னி என்றே பெயர். ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஒரே நேரத்தில் எட்டுக் கதிர்களில் நூல் நூற்றது அது. ஜென்னி என்பது அவர் மனைவி பெயர் அல்லது மகள் பெயர் என்று பாட நூல்களில் எழுதுவதுண்டு. அதற்குச் சான்று கிடையாது. எஞ்சின் என்ற சொல் சிதைந்து ஜின் ஆகி, அது ஜென்னி ஆயிற்று என்பது பலரும் ஒப்பும் விளக்கம். எப்படியாயினும் ஜென்னி என்ற பெண் பெயர் ஜேன், ஜோவன்னா வழியாக மீண்டும் அதே யோகனானிடம்தான் போய்ச் சேர்கிறது.

நூலைப் பற்றிப் பேசினால் சேலத்துக்காரருக்குத் தறி நினைவு வராமல் இராது. இளம்பிள்ளைச் சேலைகளில் பூவும் கொடியும் விழுவதற்குத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி வைத்து, துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். துளை உள்ள இடத்தில் நூல் எழும். இல்லாத இடத்தில் எழாது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு (1752–1834) 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. ஜக்கார்டு என்ற குடும்பப் பெயர் ழாக் என்பதிலிருந்து பிறந்தது. அங்கே யாகப்பர், இங்கே அருளப்பர்!

ழாக் விட்டுச்சென்ற இன்னொரு பொருளை நம் பெண்கள் நாள்தோறும் அணிகிறார்கள். பிரான்சில் குடியானவனைப் பொதுவாக ழாக் என்று அழைத்தார்கள். 1358இல் அங்கே நடந்த உழவர் கிளர்ச்சிக்கே ழாக்கரி என்று பெயர். குடியானவன் அணிந்த குட்டை மேலாடை ழாக்கெட் ஆகி, ஆங்கிலத்தில் ஜாக்கெட் ஆகி, அங்கே கோட்டைக் குறித்தது. தமிழ்நாட்டுக்கு வந்து சேலையோடு அணியும் ரவிக்கையைக் குறிக்கலாயிற்று. தையற்கடையில் ஜாக்கெட் கொடுக்கும்போது பிரெஞ்சு உழவனை யார் நினைக்கப் போகிறார்கள்?

ஆனால் ஜாக் என்று தொடங்குவதெல்லாம் இந்தக் குடும்பம் என்று நினைத்து ஏமாறக்கூடாது. சொல்லாராய்ச்சியில் மிகுதியானவர் வழுக்கி விழும் இடம் இதுவே. பலாப்பழத்தை ஆங்கிலத்தில் ஜாக் பழம் என்பார்கள். கொல்லிமலைப் பலாவுக்கும் அந்த ஆங்கிலேயப் பையனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மலையாளத்தில் பலாப்பழம் சக்க. கேரளக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் அதைத் தம் எழுத்தில் ஜாக்கா என்று எழுதினார்கள். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவரின் மூலிகை நூலிலேயே இச்சொல் இருக்கிறது. ஆங்கிலேயர் அதைக் கேட்டுத் தமக்குத் தெரிந்த ஜாக்கோடு சேர்த்துவிட்டார்கள். நரி இனத்தைச் சேர்ந்த ஜாக்கலும் அப்படியே. பாரசீகத்தின் ஷகால் துருக்கி வழியாகப் போய் அவ்வுரு எடுத்தது. வடமொழியில் அதற்குச் ச்ருகாலம் என்று பெயர். ஒலி ஒன்றாயிருப்பதால் உறவு என்று சொல்லிவிட முடியாது. பத்திரம் பார்த்துத்தான் பங்காளியை ஏற்க வேண்டும்.

இனி, அறிவியல் படிக்கும் மூத்த மாணவியருக்காகக் கருவியைப் பிரித்துப் பார்ப்போம். மற்றவர்களும் கூடவே வரலாம், கணக்கு எளியது.

பழைய வகை திருகு ஜாக்கி. அதன் தண்டில் மரை வெட்டியிருக்கும். ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு மரை அளவே உயரும். கைப்பிடியின் நீளம் 50 சென்டிமீட்டர், மரை இடைவெளி 1 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். கை ஒரு வட்டம் வந்தால் 314 சென்டிமீட்டர் நடக்கிறது; வண்டி 1 சென்டிமீட்டர் உயர்கிறது. ஆகவே கணக்குப்படி நம் கைபலம் 314 மடங்காகிறது. நடைமுறையில் பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும். அந்த நட்டம் ஒரு வகையில் நமக்கு லாபம். உராய்வு அவ்வளவு மிகுதியாக இருப்பதால்தான் கையை எடுத்த பிறகும் திருகு தானாகக் கீழே சுழன்று இறங்குவதில்லை.

இன்று லாரிகளில் பெரும்பாலும் இருப்பது ஆயில் ஜாக்கி. அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியால் அது இயங்குகிறது. இறைவனைப் பற்றிய சிந்தனைகளை எழுதி வைத்துச் சென்ற அதே பிளேஸ் பாஸ்கல் (1623–1662) தாம் இவர். அவர் விதியைக் கொண்டு 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா திரவ அழுத்த இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1851இல் நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் கையில் எடுத்துச் செல்லக்கூடிய திரவ ஜாக்கிக்கு உரிமை பெற்றார். உள்ளே ஒரு சிறிய உலக்கை, ஒரு பெரிய உலக்கை, நடுவில் எண்ணெய். சிறியது 1 சென்டிமீட்டர் விட்டமும் பெரியது 5 சென்டிமீட்டர் விட்டமும் ஆனால் பரப்பு 25 மடங்கு. ஆகவே விசையும் 25 மடங்கு. கைப்பிடி நெம்புகோலாக நின்று இன்னொரு 20 மடங்கு தந்தால் மொத்தம் 500 மடங்கு. 20 கிலோ எடைக்குச் சமமாக நீங்கள் அழுத்தினால் 10 டன் எழும். ஒரு பள்ளி மாணவியின் கையால் இது முடியும். ஆனால் எதுவும் இலவசமில்லை. கைப்பிடி 50 சென்டிமீட்டர் இறங்கினால் வண்டி ஒரே ஒரு மில்லிமீட்டர் எழும். 20 சென்டிமீட்டர் தூக்க 200 தடவை அடிக்க வேண்டும். வியர்வை வருவது அதனால்தான்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். தோண்டத் தொடங்கும் முன் வண்டி கால் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அந்தக் கால்களும் இதே எண்ணெய் ஜாக்கிகள்தான். அடிப்பதற்குக் கைக்குப் பதில் எஞ்சின். தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால், அடித்தளத்துக்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். பேச்சு வழக்கிலும் கருவி நுழைந்துவிட்டது. தேறாத ஒருவரை மற்றவர்கள் புகழ்ந்து புகழ்ந்து உயர்த்தப் பார்த்தால் 'ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள்' என்கிறோம். இது ஆங்கிலத்திலிருந்து வந்த தொடரன்று. நம் பட்டறையில் பிறந்தது.

ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். அது வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அத்தெருவில் டேவிஸ் என்பவர் ஆரக்கால் இல்லாத மாற்றுச் சக்கரத்தை உருவாக்கி விற்றார். தெருப் பெயர் சக்கரத்துக்கு ஆயிற்று. இன்று லண்டனில் ஸ்டெப்னி என்றால் அங்குள்ள ஒரு பேட்டையைத்தான் நினைப்பார்கள். சங்ககிரியில் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் சக்கரம் என்று புரியும்.

ஆங்கிலத்தில் ஜாக் என்று மெய்யில் முடிவது தமிழில் ஏன் ஜாக்கி ஆயிற்று? வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் நாவுக்கு இயல்பன்று. ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்ளும். வழக்கமாகச் சேர்வது உகரம்: பேங்கு, செக்கு, டிரங்கு. அந்தக் கணக்கில் ஜாக்கு என்று வந்திருக்க வேண்டும். இகரம் வந்ததற்கு என் ஊகம் ஒன்று உண்டு. ஒரு தொழிலைச் செய்யும் பொருளுக்குத் தமிழில் இகர விகுதி இயல்பாக வரும். வெட்டுவது மண்வெட்டி; இடுக்குவது இடுக்கி; வடிகட்டுவது வடிகட்டி; தாங்குவது சுமைதாங்கி. அந்த வரிசையில் தூக்குவது ஜாக்கி என்று காது ஏற்றுக்கொண்டிருக்கலாம். தூக்கியோடு எதுகையும் அமைந்துவிட்டதே!

சுமைதாங்கி என்றதும் அந்தக் கல்லை அறியாத மாணவியருக்குச் சொல்ல வேண்டும். பழைய சாலை ஓரங்களில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியே வருகிறவர் இன்னொருவர் உதவி இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். பிறகு தாமே ஏற்றிக்கொண்டு நடக்கலாம். பிள்ளையைச் சுமந்தபடியே, பேறு காணாமல் இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமற் போன சுமைக்காக, வழிப்போக்கரின் சுமையை இறக்க ஓர் இடம். சில கற்களில் அந்தப் பெண்ணின் பெயரும் வெட்டியிருக்கும்.

பட்டறையிலும் தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ஜாக்கி தூக்கும் கருவி மட்டுமே. ஆயில் ஜாக்கியில் பத்து டன்னைப் பிடித்து நிற்பது வட்டமான ஒரு சிறு சீல். அது தேய்ந்து எண்ணெய் கசிந்தாலும், அடியில் உள்ள மண் அமுங்கினாலும், வண்டி அரை அடி உருண்டாலும் பாரம் கீழே வந்துவிடும். அப்போது அடியில் படுத்திருப்பவருக்கு நகர நேரம் இருக்காது. ஆகையால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சமதரையில் நிறுத்துவார்கள். கைப்பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பார்கள். மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுவார்கள். தூக்கி முடித்ததும் ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டையோ நல்ல மரக்கட்டைகளையோ அடுக்கி, பாரத்தை அதன்மேல் இறக்கிய பிறகே உள்ளே போவார்கள். அந்த ஸ்டாண்டுக்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்தால் எத்தனை பொருத்தம்!

வழியில் ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஸ்டெப்னியை முதலிலேயே இறக்கி, வண்டிச் சட்டத்துக்கு அடியில் படுக்கையாகத் தள்ளி வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுவார்கள். கழற்றியதும் அதை ஸ்டெப்னி இருந்த இடத்தில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுப்பார்கள். ஜாக்கி நழுவினால் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரும். உங்கள் வீட்டில் லாரிக்குப் போகிறவர் இருந்தால், அவர் வண்டியில் கட்டையும் பலகையும் இருக்கின்றனவா, ஜாக்கியின் அடியில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது கேளுங்கள்.